பழைய பிரெஞ்சு குடும்ப வேகன்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிரெக், ஃபமிலியால், கொமெர்சியால் மூன்றும் ஒரே வண்டிதானா?

வெளித்தகடு ஒன்றுதான், உள்ளே இருப்பதுதான் வேறு. கூரை வால் வரை ஓடிப் பின்னால் ஒரு கதவும் இருந்தால் பிரான்சில் அதற்குப் பொதுப்பெயர் பிரெக். (இங்கே பிரெக் என்றால் வண்டி, பிரேக் என்றால் நிறுத்துவது.) இரண்டு வரிசை இருக்கையும் பின்னால் சாமான் தளமும் இருந்தால் அது சாதாரண பிரெக். அதே உடலில் மூன்றாவது வரிசையையும் பொருத்தினால் ஃபமிலியால். இருக்கை உறை, ஓரப்பட்டை, மின்னும் குரோமியம் எல்லாவற்றையும் குறைத்து, சில மாடல்களில் சிறிய எஞ்சினும் வைத்துக் கடைக்காரருக்கும் விவசாயிக்கும் மலிவாகக் கொடுத்தது கொமெர்சியால்.

வாங்கும்போது இந்த வித்தியாசம் முக்கியம். பிரெக்கில் பின் இருக்கையை மடித்தால் தட்டையான நீளத் தளம் கிடைக்கும். ஃபமிலியாலில் மூன்று வரிசையையும் விரித்தால் சாமானுக்கு மிஞ்சுவது கையகல இடம்தான், பெட்டிகள் கூரைக்குப் போக வேண்டும். பிற்காலத்தில் பிரெக்கில் மூன்றாம் வரிசையைச் செருகி ஃபமிலியால் என்று விற்றிருப்பார்கள். அடையாளத் தகட்டிலுள்ள மாடல் குறியீட்டைப் பார்க்காமல் விலை பேச வேண்டாம்.

இந்த வகை பிரான்சில் மட்டும் ஏன் இவ்வளவு தழைத்தது?

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பிரான்சில் பிறப்பு விகிதம் ஏறியது. பிள்ளைகளின் எண்ணிக்கைக்கேற்ப அரசு உதவித்தொகையும் கொடுத்தது. மூன்று நான்கு பிள்ளைகள் உள்ள வீடு அன்று அபூர்வமல்ல. கூடவே சம்பளத்துடன் விடுமுறை: 1936-இல் இரண்டு வாரம், 1956-இல் மூன்று, 1969-இல் நான்கு. ஆகஸ்ட் வந்தால் பாரிஸ் காலியாகும். மத்தியதரைக் கடல் நோக்கிச் செல்லும் ‘நசியோனால் 7’ நெடுஞ்சாலை கூரைச் சட்டத்தில் பெட்டி கட்டிய கார்களால் நிரம்பி வழியும். வீட்டுக்கு ஒரே கார். வாரநாளில் சரக்கு, ஆகஸ்டில் குடும்பம். இரண்டுக்கும் பொருந்தியது வேகன்தான்.

முதலில் செய்தது யார்?

ஒருவரைச் சொல்வது கடினம். ஆனால் பலவற்றுக்கு வேர் சிட்ரோன் நிறுவனத்தின் டிராக்ஷன் அவான் கார். 1930-களிலேயே அதில் நீள உடல் ஃபமிலியால் வந்துவிட்டது. முன், பின் இருக்கைகளுக்கு நடுவே மடக்கு இருக்கைகள், நெருக்கி அமர்ந்தால் ஒன்பது பேர். போருக்குச் சற்று முன் கொமெர்சியாலும் வந்தது. அதன் பின்கதவு மேல்பாதி, கீழ்பாதி என இரண்டாகத் திறக்கும். 1954-இல் மறுபடி வந்தபோது அது மேலே கீல் வைத்த ஒரே கதவாகியிருந்தது. இன்றைய ஹேட்ச்பேக்கின் கதவு ஏறக்குறைய அதுதான்.

போருக்குப் பின் 1950-இல் பெஜோ 203-இன் வேகன்கள் வந்தன. பெஜோ வேகன்களின் நீண்ட வரிசை அங்கே தொடங்குகிறது. ரெனோவில் சின்ன ஜுவாகாத்ர் வேகன் 1960 வரை ஓடியது. பெரியது வேண்டுவோருக்கு 1956 முதல் ஃப்ரெகாத் தொமேன். சிம்கா வெதெத்தின் மார்லி வி8 எஞ்சின் வைத்த வேகன். அழகான வண்டி, பெட்ரோல் செலவுதான் குடும்பத்தை மிரட்டும்.

பெஜோ வேகன் என்றால் செடானின் பின்னால் ஒரு பெட்டி ஒட்டியதுதானே?

இல்லை. பெஜோ வேகனைப் புரிந்துகொள்ள முன், பின் சக்கரங்களுக்கு இடையிலான தூரத்தைப் பார்த்தாலே போதும். 203 செடானில் அது 2.58 மீட்டர், வேகனில் 2.78. 403-இல் 2.66, வேகனுக்கு 2.90. 404-இல் 2.65, வேகனுக்கு 2.84. 504-இலும் 505-இலும் செடானுக்கு 2.74, வேகனுக்கு 2.90. கூட்டிய நீளம் பின்சக்கரத்துக்கு முன்னால் விழுவதால் மூன்றாம் வரிசையில் உட்காருபவர் அச்சுக்கு வெகு பின்னால் தொங்குவதில்லை. சுமை ஏறினாலும் மூக்கு வானம் பார்க்காது.

504-இல் வேறுபாடு இன்னும் ஆழமானது. பிரான்சில் விற்ற 504 செடான்களில் முதலில் பின்சக்கரங்கள் தனித்தனியாக அசையும் சஸ்பென்ஷன். 1970-இல் வந்த வேகனில் அதை எடுத்துவிட்டு முழு அச்சு வைத்தார்கள், அதன்மேல் பக்கத்துக்கு இரண்டாக நான்கு சுருள் ஸ்பிரிங். காலி வண்டிக்கும் ஏழு பேரும் மூட்டைகளும் ஏறிய வண்டிக்கும் இடையே எடை பெரிதாக மாறும். தனித்தனிச் சக்கரமானால் சுமையில் சாய்ந்துகொள்ளும், முழு அச்சில் நிமிர்ந்தே நிற்கும். டயர் தேய்வும் ஒரே சீராக இருக்கும். குட்டையான நான்கு ஸ்பிரிங் தளத்துக்கு அடியிலேயே அடங்கிவிடுவதால் சக்கர வளைவு உள்ளே துருத்துவதும் குறைவு. சொகுசை விட்டுக் கொடுத்துச் சுமையை வாங்கிய முடிவு இது. ஆனால் ஓட்டிப் பார்த்தால் விட்டுக் கொடுத்தது மிகக் கொஞ்சம் என்று தெரியும்.

அந்த நான்கு ஸ்பிரிங் அச்சில் எது கெடும்?

ஸ்பிரிங்கின் கடைசிச் சுற்றில் மண்ணும் ஈரமும் தங்கித் துருப்பிடித்து அங்கேயே முறியும். பக்கத்து ஸ்பிரிங் தாங்கிக்கொள்வதால் வண்டி உடனே சாயாது, வெளியிலிருந்து பார்த்துக் கண்டுபிடிக்கவும் முடியாது. வண்டியைத் தாங்கிகளில் நிறுத்தி நான்கின் அடிச்சுற்றையும் கையால் தடவிப் பாருங்கள். மாற்றினால் நான்கையும் சேர்த்தே மாற்ற வேண்டும். அடுத்தது, அச்சைப் பக்கவாட்டில் பிடித்திருக்கும் குறுக்குத் தண்டின் ரப்பர் புஷ். அது தளர்ந்தால் லாரி கடக்கும்போது வால் தனியாக ஒரு பக்கம் நகர்வதுபோல் இருக்கும். பலர் ஸ்டியரிங்கைக் குறை சொல்லி முன்பக்கத்தைப் பிரித்துவிடுவார்கள். முதலில் பின்னால் பாருங்கள்.

404-இன் பின்அச்சுக்கு வழக்கமான கியர் ஆயில் ஊற்றலாமா?

கூடாது. 203, 403, 404 மூன்றிலும் பின்அச்சு புழுச்சக்கர வகை, எஃகுப் புழு வெண்கலப் பல்சக்கரத்தைச் சுழற்றும். இன்று கடையில் கிடைக்கும் ஹைப்பாய்டு ஆயிலில் கந்தகச் சேர்மம் இருக்கும், அது வெண்கலத்தை அரிக்கும். பெஜோ அன்று பரிந்துரைத்தது ஆமணக்கெண்ணெய் அடிப்படையிலான தனி ஆயில். பழைய கார் ஆயில் விற்போரிடம் ‘வெண்கலப் புழுச்சக்கரத்துக்கு உகந்தது’ என்று தெளிவாக எழுதியதை மட்டும் வாங்குங்கள். ஆமணக்கு வகையும் கனிம வகையும் கலந்தால் குழம்பாகிவிடும், ஆகவே பழையதை முழுக்க வடித்துவிட்டே புதியதை ஊற்ற வேண்டும். வடித்த ஆயிலில் தங்கப்பொடி மாதிரி மின்னினால் சக்கரம் தேய ஆரம்பித்துவிட்டது என்று பொருள்.

கியர்பாக்ஸ் கதை வேறு. 404, 504 கியர்பாக்ஸுக்கு எஞ்சின் ஆயில்தான். அங்கே கெட்டியான கியர் ஆயிலை ஊற்றினால் குளிர்ந்த காலையில் கியர் விழ மறுக்கும்.

504-இன் பெட்ரோல் எஞ்சினில் ஹெட்டை (எஞ்சினின் மேல்மூடியை) கழற்றும்போது எதில் கவனம் வேண்டும்?

லைனரில், அதாவது பிஸ்டன் ஓடும் உருளைக் குழாயில். 1796, 1971 சிசி எஞ்சின்கள் இரண்டுமே இரும்பு பிளாக், அலுமினிய ஹெட், தண்ணீர் சூழ்ந்து நிற்கும் கழற்றக்கூடிய லைனர். லைனரைக் கீழே அழுத்திப் பிடித்திருப்பது ஹெட்தான். ஹெட்டை எடுத்த மறுகணம் லைனர்கள் சுதந்திரம். யாராவது கிராங்கைச் சுற்றினால் பிஸ்டன் லைனரையும் கூடவே தூக்கும், அடியிலுள்ள சீல் பிரியும். மூடி ஓட்டிய கொஞ்ச நாளில் கூலன்ட் ஆயிலில் இறங்கும், ஆயில் மூடியின் உள்பக்கம் பால்நுரை படியும். எனவே ஹெட் வந்ததும் பட்டையும் போல்ட்டும் வைத்து லைனர்களை இறுக்கிவிடுங்கள். ஒரு தடவை அசைந்துவிட்டால் அடி சீல்களை மாற்றாமல் மூடாதீர்கள். அப்போது லைனர் பிளாக்குக்கு மேல் நீட்டும் அளவையும் சரிபார்க்க வேண்டும். சூடேறிய எஞ்சினாக இருந்தால் அலுமினிய ஹெட் வளைந்திருக்கும், நேர்கோலும் ஃபீலர் கேஜும் வைத்துப் பார்த்துவிட்டே புது கேஸ்கெட்.

டீசல் வேகன்கள்?

பெஜோ 403-க்கே 1959-இல் டீசல் வந்துவிட்டது. 504-இல் 1948, 2112, 2304 சிசி என்று வளர்ந்தது. கடைசியது ஏறத்தாழ 70 குதிரைத்திறன். ஏழு பேரோடு மலை ஏறினால் பின்னால் வரிசை கட்டும், ஆனால் எஞ்சின் எளிதில் சாகாது. இந்த 2112 சிசி குடும்பம் நம்மூர் மெக்கானிக்குகளுக்கும் பழக்கம்: உரிமம் பெற்று மஹிந்திரா எக்ஸ்டிபி 4.90 என்ற பெயரில் ஜீப்புகளில் போட்டது அதைத்தான். எம்எம் 540 டிபி ஜீப் ஓட்டியவருக்கு அந்தக் காலை நேரத் தடதடப்பு மறந்திருக்காது.

சிட்ரோன் டிஎஸ் பிரெக்கை ஏன் எல்லோரும் தனியாகப் பேசுகிறார்கள்?

பெஜோ ஸ்பிரிங்கை இரட்டித்தது. சிட்ரோனோ ஸ்பிரிங்கையே வைக்கவில்லை. 1958 பாரிஸ் கண்காட்சியில் அறிமுகமான இந்த வேகனில் வண்டியைத் தாங்குவது ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஒரு உலோகக் கோளம். உள்ளே ரப்பர் சவ்வுக்கு ஒரு பக்கம் நைட்ரஜன், மறுபக்கம் எஞ்சின் பம்ப் அழுத்தும் திரவம். பின்னால் மூட்டை ஏறியதும் வால் இறங்கும், உயரத் திருத்தி வால்வு திரவத்தை விடும், வண்டி பழைய உயரத்துக்கு நிமிரும். எடை மாறினாலும் உயரம் மாறாது என்பதால் சக்கர இடைத்தூரத்தைக் கூட்டவே இல்லை, செடானின் 3.125 மீட்டரே வேகனுக்கும். நீளம் 5 மீட்டரைத் தொடுகிறது.

பின்கதவு இரண்டு பாகம்: மேல்பாதி தூக்க, கீழ்பாதி படுக்க. கீழ்பாதியைத் திறந்தபடி நீளச் சாமான் ஏற்றினால் எண்பலகை மறையுமே என்று, படுத்த நிலையில் தெரிய இரண்டாவது பலகையும் வைத்தார்கள். பிரெக் வகையில் சாமான் இடத்தில் எதிரெதிராக மடக்கும் இரு சிறு இருக்கைகள். அங்கே உட்கார்ந்தால் வளைவில் குழந்தைகளுக்குக் குமட்டும். ஃபமிலியாலில் மூன்று வரிசையும் முன்னோக்கியே. சமதளமாக மிதந்து போகும் குணத்தால் ஆம்புலன்ஸாகவும் நிறைய ஓடியது. 1975-இல் உற்பத்தி முடிந்தது.

சிவப்புத் திரவம், பச்சைத் திரவம் என்கிறார்களே?

1966 இலையுதிர்காலம் வரை செய்த டிஎஸ்களில் சிவப்பு எல்ஹெச்எஸ், அதன்பின் பச்சை எல்ஹெச்எம். (சில நாடுகளுக்குப் போன வண்டிகளில் மாற்றம் பிந்தியது.) சிவப்பு ஈரத்தை உறிஞ்சும், உள்ளிருந்தே குழாயைத் துருவாக்கும், பெயின்ட்டில் பட்டால் உரிக்கும். பச்சை கனிம எண்ணெய், இந்த மூன்று தொல்லையும் இல்லை. இரண்டுக்கும் சீல் ரப்பர் வேறு. பச்சை சிஸ்டத்தில் சிவப்போ சாதாரண பிரேக் ஆயிலோ ஒரு குவளை விழுந்தாலும் சீல்கள் அழியும், பம்ப் முதல் ஸ்டியரிங் வரை அனைத்தையும் பிரிக்க நேரிடும். பாட்டிலை நம்பாமல் வண்டியைப் பாருங்கள்: பச்சை சிஸ்டத்தின் பாகங்களுக்குப் பச்சைப் பெயின்ட், சிவப்பு சிஸ்டத்துக்குக் கறுப்பு.

கோளம் தீர்ந்ததா என்று எப்படிச் சோதிப்பது, எப்படி மாற்றுவது?

எஞ்சின் ஓடட்டும், வண்டியின் உயரத்தை மாற்றும் கைப்பிடி சாதாரண நிலையில். பின் பம்பரை உடல் எடையால் அழுத்தி விடுங்கள். மெத்தென்று இறங்கி ஏறினால் உயிர் உண்டு. கல்லாக நின்றால் நைட்ரஜன் போய்விட்டது. பிறகு பானெட்டைத் திறந்து, திரவ அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் ‘டிக்’ என்று வெட்டும் ஒலியைக் கவனியுங்கள். எதையும் தொடாமல் அரை நிமிடத்துக்கு ஒரு முறையோ அதைவிட மெதுவாகவோ வெட்டினால் நல்லது. மூன்று நான்கு வினாடிக்கு ஒருமுறை என்றால் அழுத்தம் சேமிக்கும் கோளம் காலி, இல்லாவிட்டால் எங்கோ உள்கசிவு. ஓட்டாமல் நிறுத்திய வண்டியிலும் வாயு சவ்வு வழியாக மெல்ல வெளியேறிக்கொண்டேதான் இருக்கும். ஆகவே ‘அதிகம் ஓடாத வண்டி’ என்ற வாதம் இங்கே செல்லாது.

சிட்ரோனின் பிற்கால மாடல்களான ஜிஎஸ், சிஎக்ஸ், பிஎக்ஸ் மூன்றிலும் மாற்றும் முறை ஏறக்குறைய ஒன்று. சமதரை, சக்கரத்துக்குக் கட்டை, உயரக் கைப்பிடி தாழ்நிலையில், எஞ்சினை அணையுங்கள். ரெகுலேட்டரின் அழுத்தம் விடும் திருகை 12 மில்லிமீட்டர் ஸ்பேனரால் ஒரு சுற்று மட்டும் தளர்த்துங்கள். முழுக்கக் கழற்றினால் உள்ளே இருக்கும் சின்ன உருண்டை விழுந்து தொலையும். உஸ்ஸென்ற ஓசை அடங்கும்வரை காத்திருங்கள், பிரேக் பெடலையும் பலமுறை மிதியுங்கள். அவசரப்பட்டால் 150 பார் அளவுக்கு அழுத்தத்தில் எண்ணெய் முகத்தில் அடிக்கும். ஜாக்கில் தூக்கி, கட்டாயம் தாங்கியில் நிறுத்துங்கள். சிஸ்டத்தை நம்பி அடியில் படுப்பது உயிரோடு விளையாட்டு, அழுத்தம் போன கணம் வண்டி தரையில் படுக்கும்.

பழைய கோளத்தைச் சங்கிலிக் குறடு வைத்து அவிழுங்கள். வேகனில் பின்கோளங்கள் சேற்றோடு இறுகியிருக்கும், முந்தைய நாளே துரு நீக்கி தெளித்து வைத்தால் பாதிப் பாடு குறையும். புது ரப்பர் வளையத்தை எல்ஹெச்எம்மில் நனைத்துப் பொருத்துங்கள், புதுக் கோளத்தைக் கையால் மட்டும் இறுக்குங்கள். அழுத்தமே அதை இறுக்கிக்கொள்ளும். குறடு போட்டால் அடுத்த முறை கழற்ற முடியாது. விடுதிருகை மூடி, எஞ்சினை ஓட்டி, கைப்பிடியை மேலும் கீழும் சிலமுறை நகர்த்தி, கடைசியில் வண்டி உயர்நிலையில் நிற்கும்போது திரவ மட்டம் பாருங்கள்.

இன்னொன்று: செடானின் பின்கோளத்தை வேகனில் போடாதீர்கள். திருகுபுரி பொருந்தும், வாயு அழுத்தமும் உள்ளே இருக்கும் தணிப்புத் துளையும் பொருந்தாது. அழுத்த எண் கோளத்தில் பொறித்திருக்கும்.

சிஎக்ஸ் வேகன் எப்படி?

இங்கே சிட்ரோனும் பெஜோ வழிக்கு வந்தது. செடானில் 2.845 மீட்டராக இருந்த சக்கர இடைத்தூரம் வேகனில் 3.095. தளம் அகலம், வாசல் தாழ்வு. தாழ்நிலைக்கு இறக்கிவிட்டால் கனமான பெட்டியைத் தூக்காமல் தள்ளியே ஏற்றலாம். பின்பிரேக்குக்கு அழுத்தம் பின் சஸ்பென்ஷனிலிருந்து வருவதால் சுமை கூடக் கூடப் பின்சக்கரம் தானாகவே அதிகம் பிடிக்கும். பலவீனம் பின்சக்கரத்தைத் தாங்கும் கையின் பேரிங்: நீர் புகுந்து தேய்ந்தால் பின்சக்கரங்களின் மேல்பகுதி உள்நோக்கிச் சாயும், டயரின் உள்விளிம்பு தின்னப்படும். வண்டிக்குப் பின்னால் பத்தடி தள்ளிக் குந்தி உட்கார்ந்து பார்த்தாலே தெரிந்துவிடும்.

சின்ன வேகன்களில் எதைக் குறிப்பிடலாம்?

சிட்ரோனின் ஆமி 6 பிரெக். 602 சிசி, இரண்டே சிலிண்டர், 1964-இல் வந்தது. உள்நோக்கிச் சரிந்த பின்கண்ணாடியுள்ள செடான் வடிவம் பலருக்குப் பிடிக்கவில்லை. வேகன் வந்ததும் விற்பனை எகிறி, 1966-இல் பிரான்சில் அதிகம் விற்ற கார் ஆமி 6. 1965-இன் பெஜோ 204 பிரெக் முன்சக்கர இயக்கத்தில் சின்ன உடலில் நிறைய இடம் தந்தது. ரெனோ 12 பிரெக் 1970-இல் வந்தது. அதன் உரிமத்தில் ருமேனியாவின் டாச்சியா செய்த வேகன்கள் 2004 வரை ஓடின. சிம்கா 1500 பிரெக்கின் சாமான் தளப்பலகையைக் கழற்றிச் சுற்றுலா மேசையாக விரிக்கலாம். இன்று விற்பனைக்கு வரும் வண்டிகளில் பெரும்பாலும் காணாமல் போயிருப்பதும் அந்தப் பலகைதான்.

ஆப்பிரிக்காவில் 504 ஏன் அவ்வளவு பிரபலம்?

உயரமான அடிப்பகுதி, நீண்ட அசைவுள்ள சஸ்பென்ஷன், ஊர்ப் பட்டறையிலேயே சரிசெய்ய முடிந்த எஞ்சின். நைஜீரியாவின் கடுனாவில் 1975 முதல் ஒருங்கிணைத்தார்கள். செனகலில் ஊர்களுக்கிடையே ஓடும் வாடகை வேகனின் பெயரே ‘செத் ப்ளாஸ்’, ஏழு இருக்கை. அங்கே உழைத்த வண்டியை வாங்குவதானால் துரு குறைவாக இருக்கும், ஆனால் அடித்தகட்டில் வெல்டிங் தையல்கள் நிறைய இருக்கும்.

இந்த வகை ஏன் மறைந்தது?

1984-இல் ரெனோ எஸ்பாஸ் வந்தது. நீளம் 4.25 மீட்டர்தான், ஏழு தனி இருக்கை. 4.90 மீட்டர் நீண்ட 505 ஃபமிலியால் எட்டுப் பேரை ஏற்றினாலும், நகரத்தில் நிறுத்த இடம் தேடுபவருக்கு எது வசதி என்று சொல்ல வேண்டியதில்லை. ரெனோவே 1986-இல் 21 நெவாடாவை ஏழு இருக்கையோடு கொடுத்துப் பார்த்தது. 505 1992-இல் முடிந்தது. அந்தக் கணக்கு இன்னும் சுருங்கி, 4 மீட்டருக்குள் ஏழு இருக்கை என்று ரெனோ டிரைபராகச் சென்னையை அடுத்த ஒரகடத்தில் தயாராகிறது.

வேகனுக்கே உரிய துரு எங்கே?

செடானைப் பார்ப்பதுபோல் முன்பக்கத்தில் தொடங்காதீர்கள். பின்கதவின் கீழ்விளிம்பு, கதவுச் சட்டத்தின் மூலை, பக்கக் கண்ணாடி ரப்பரின் அடி, மூன்றாம் இருக்கைக் காலடிப் பள்ளம், உபரிச் சக்கரம் இருக்கும் குழி. கம்பளத்தைத் தூக்கிப் பார்க்க விடாத விற்பனையாளரிடம் நேரத்தை வீணாக்க வேண்டாம். பெஜோவில் பின் ஸ்பிரிங் உட்காரும் கிண்ணம், டிஎஸ்ஸில் பக்கப் பெட்டிச் சட்டங்களும் அவற்றின் பின்முனையும். சிட்ரோன்களில் அடியில் ஓடும் எஃகுத் திரவக் குழாய்களில் மண்ணைத் துடைத்துவிட்டு நகத்தால் சுரண்டிப் பாருங்கள்.

எஞ்சின், கியர், பிரேக் பாகங்கள் செடானோடு பெரும்பாலும் பொது, கிடைத்துவிடும். பின்பாதிக் கண்ணாடி, அதன் ரப்பர், பின்விளக்கு, மூன்றாம் இருக்கையின் கீல் ஆகியவை வேகனுக்கு மட்டும் உரியவை, ஒன்று குறைந்தாலும் மாதக்கணக்கில் தேட வேண்டியிருக்கும். எஞ்சின் ஓடாத, ஆனால் பின்பாதி முழுமையாக இருக்கும் வண்டியே பாதுகாப்பான கொள்முதல்.

மூன்றாம் வரிசையில் குழந்தைகளை உட்கார வைக்கலாமா?

பல பழைய ஃபமிலியால்களில் அங்கே சீட் பெல்ட்டே கிடையாது. தளத்தகட்டில் வெறும் துளையிட்டு போல்ட் முடுக்குவது பெல்ட் அல்ல, மோதலில் தகட்டோடு பிய்த்துக்கொண்டு வரும். அடியில் தடித்த எஃகுத் தகடு பற்றவைத்து, அதில் திருகுபுரி நட்டு அமைத்து, உரிய ஆய்வாளரிடம் காட்டிச் சான்று வாங்க வேண்டும். அது முடியும்வரை மூன்றாம் வரிசையை மடித்தே வைத்து, அந்த இடத்தில் பெட்டிகளை ஏற்றுங்கள்.